உடற்குறையும் உள்ள உறுதியும்

மானிடராய்ப் பிறப்பது அரிது. அதிலும் உடற்குறை இன்றிப் பிறப்பது இன்னும் அரிது என்று ஒளவையார் கூறியதை நாம் கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் குறையோடு பிறந்தவர்களின் நிலை என்ன? இக்கேள்வியை எங்களால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில், வகுப்பில் முதல் பெஞ்சில் அமரும் எங்கள் இருவரில் ஒருத்தி காலில் இரும்புப் பட்டை பூட்டி ஊன்றுகோலுடன் நடப்பவள். மற்றவள் காதில் கருவி பொருத்திப் பாடம் கேட்பவள். விவிலியம் எங்களுக்குத் தந்த தேறுதலை இந்த ஆண்டு மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் தனித்தவர்கள் அல்லர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். ஆயினும் கூட்டத்தில் நடக்கும்போது எல்லாக் கண்களும் நம் காலையே பார்ப்பது போலத் தோன்றும் வேளைகள் உண்டு.

ஒரு நாள் பேருந்தில் அருகில் அமர்ந்திருந்த ஓர் அம்மாள், "யார் செஞ்ச பாவமோ, பிள்ளை இப்படிப் பிறந்திருக்கு" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் எங்களுள் ஒருத்தியின் தாயார் வீடு வரும் வரையில் வாய் திறந்து பேசவில்லை. அன்றிரவு நாங்கள் அருளப்பர் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைத் தேடிப் படித்தோம். பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்கின்றனர். பேருந்தில் கேட்ட அதே கேள்வி! இரண்டும் இல்லை என்று இயேசு மறுக்கிறார். கடவுளின் செயல் இவரிடம் வெளிப்படவேண்டும் என்கிறார். அந்த அதிகாரத்தைத் தாயாருக்கும் படித்துக் காட்டினோம். நெடுநாளாய் நெஞ்சில் சுமந்த பாரம் ஒன்று இறங்கியது போல் அவர் பெருமூச்சு விட்டார்.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. ஆண்டவர் அந்தக் குருடருக்குப் பார்வை தந்தார். எங்களுக்கு ஏன் குணம் தரவில்லை? வேளாங்கண்ணிக்குச் சென்று வெள்ளியில் செய்த கால் ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்தினோம். மோர் விற்ற முடச் சிறுவனுக்கு அன்னை காட்சி தந்து நடக்கச் செய்தார் என்று மரபு கூறும் நடுத்திட்டிலும் முழந்தாளிட்டு வேண்டினோம். ஊன்றுகோலோடு போனவள் ஊன்றுகோலோடுதான் திரும்பினாள். எங்கள் விசுவாசம் போதவில்லையோ என்று பல நாள் வருந்தினோம்.

விவிலியத்தை மேலும் புரட்டியபோதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. குணம் பெற்றவர்களை மட்டுமா இறைவன் நேசித்தார்? மூவரைப் பாருங்கள்.

முதலாமவர் மோயீசன். தமக்கு நாவன்மை இல்லை, பேச்சுத் திக்குகிறது என்று அவர் இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அவருடைய நாவை மாற்றியதாக யாத்திராகமம் கூறவில்லை. அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். அந்தத் திக்குவாயரே ஒரு மக்களினத்தை அடிமைத்தனத்திலிருந்து மீட்டு நடத்தினார்.

இரண்டாமவர் யோனத்தானின் மகன் மெபிபொசேத். ஐந்து வயதில், தாதி அவரைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடும்போது கீழே விழுந்து இரு கால்களும் முடமாயின. செத்த நாய்க்குத் தம்மை ஒப்பிடும் அளவுக்கு அவர் மனம் ஒடிந்திருந்தார். தாவீது அரசரோ நண்பனின் மகனைத் தேடி அழைத்து, குடும்ப நிலங்களைத் திருப்பித் தந்து, நாள்தோறும் தம் பந்தியிலேயே உணவருந்தச் செய்தார். இதைக் கூறும் சாமுவேல் இரண்டாம் ஆகமத்தின் 9ஆம் அதிகாரம், அவருக்கு இரு கால்களும் முடம் என்று சொல்லியே முடிகிறது. கால் குணமாகவில்லை, ஆனால் அரச பந்தியில் இடம் கிடைத்தது!

மூன்றாமவர் புனித சின்னப்பர். தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடுமாறு மும்முறை மன்றாடினார். முள் எடுபடவில்லை. தம் அருளே போதும் என்னும் பதில்தான் வந்தது. எத்தனையோ சபைகளை நிறுவிய திருத்தூதருக்கே அதுதான் பதில் என்றால், எங்கள் மன்றாட்டும் கேட்கப்படாமல் போகவில்லை என்று தெளிந்தோம்.

இன்னொன்றும் எங்கள் உள்ளத்தைத் தொட்டது. உயிர்த்த ஆண்டவரின் மகிமையான உடலில் ஆணிக் காயங்கள் மறையவில்லை. நம் மயிலாப்பூருக்கு வந்ததாக மரபு கூறும் புனித தோமையார், அந்தத் தழும்புகளைக் கண்டுதான் ஆண்டவரை அறிந்துகொண்டார். தழும்புள்ள உடல் தாழ்ந்த உடல் அன்று.

ஆனால் விவிலியம் எங்களுக்கு மட்டும் பேசவில்லை, சுற்றியிருப்போருக்கும் பேசுகிறது. செவிடரைப் பழிக்காதே, குருடர் வழியில் தடை வைக்காதே என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் கட்டளையிடுகிறது. மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்குகின்றனர். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே இயேசு பேசினார் என்பது கவனிக்கத்தக்கது. மாடி வகுப்புக்கு எங்கள் புத்தகப் பையைச் சுமந்து வரும் தோழியரும், கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் எங்கள் முகம் பார்த்துப் பாடம் சொல்லும் சகோதரியும் எங்களுக்கு அந்த நால்வரே. 2016ஆம் ஆண்டின் சட்டம் முன்பு 7 ஆக இருந்த ஊன வகைகளை 21 ஆக விரித்து எங்கள் உரிமைகளைக் காக்கிறது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே இடம் தருவது அன்புதான்.

எங்கள் வயதினர் ஒருவரின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் குத்தூசி கண்ணில் குத்தியதால் காயமுற்று, பின்னர் இரு கண்களிலும் பார்வை இழந்தார். ஊர்ப் பங்குக் குரு அவருக்குக் கல்வி புகட்டினார். 1824இல், பதினைந்தே வயதில், ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை அவர் உருவாக்கினார். கண்ணைக் கெடுத்ததும் கூரிய ஊசி. அந்த எழுத்தைத் தாளில் குத்துவதும் கூரிய ஊசியே! இன்று தமிழையும் அப்புள்ளிகளைத் தடவிப் படிக்க முடிகிறது.

இறைவார்த்தையை வாசிக்க நாங்கள் கைக்கொள்ளும் முறை எளியது. இரவு செபத்திற்குப் பின் ஒரு சிறு பகுதியை மட்டும் மெதுவாகப் படிப்போம். அக்காட்சியில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சிந்திப்போம். மனத்தைத் தொட்ட ஒரு சொல்லை மறுநாள் முழுவதும் நினைவில் வைத்திருப்போம். இதனால் மருத்துவர் கற்பித்த பயிற்சியை விட்டுவிடுவதில்லை. மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரமே அறிவுரை கூறுகிறது.

அன்புத் தோழியரே, எங்களைக் கண்டு பரிதாபப்பட வேண்டாம். பந்தியில் பக்கத்தில் இடம் தாருங்கள், அது போதும். பெற்றோரே, குறையுள்ள பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். எங்களைப் போன்ற தங்கையரே, தலை நிமிருங்கள். கால் தளர்ந்தாலும், காது மந்தமானாலும், நம்மை அழைத்தவர் நம் பெயரை அறிவார். அவர் பந்தியில் நமக்கும் இடம் உண்டு.