உடைக்காமலே உள்ளே பார்க்கலாம்!

மண்பானை வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்று ஒலித்தால் விலை பேசுவார்கள். மந்தமாக ஒலித்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த பானையை எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது!

இதற்குக் காரணம் என்ன? நல்ல பானையைத் தட்டினால் அதன் சுவர் முழுவதும் ஒருசேர அதிர்கிறது. அதிர்வு சற்று நேரம் நீடிக்கிறது. கீறல் இருந்தாலோ அதன் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உராய்கின்றன. அதிர்வின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறி வீணாகிறது. ஒலி உடனே அடங்கிவிடுகிறது. இரயில் நிலையங்களில் ஊழியர்கள் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் வண்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்ததும் இதே தத்துவத்தின்படிதான்.

பொருளுக்கு எந்தக் கேடும் செய்யாமல், அதனுள் மறைந்திருக்கும் குறையை அறியும் இத்தகைய முறைகளுக்குச் 'சிதைக்காத சோதனைகள்' என்று பெயர்.

சராசரி போதுமா?

சில பொருள்களை அழிக்காமல் சோதிக்கவே முடியாது. கோவில்பட்டியில் செய்யப்படும் தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் உள்ள குச்சிகள் எல்லாம் எரியுமா என்று அறிய எல்லாவற்றையும் உரசிப் பார்த்தால் விற்பதற்கு என்ன மிஞ்சும்? ஆகவே சில குச்சிகளை மட்டும் உரசிப் பார்த்து, மற்றவையும் அவ்வாறே இருக்கும் என்று கொள்கிறோம். இது மாதிரிச் சோதனை. தீக்குச்சிக்கு இது போதும். ஒன்று எரியாவிட்டால் அடுத்ததை உரசிக்கொள்ளலாம்.

ஆனால் துறைமுகத்தில் பல டன் சுமையைத் தூக்கும் கிரேனின் கொக்கிக்கு இது போதுமா? 'நூறு கொக்கிகளில் தொண்ணூற்றொன்பது நல்லவை' என்று சொன்னால், கீழே வேலை செய்யும் தொழிலாளிக்கு அது ஆறுதல் ஆகாது. தம் தலைக்கு மேலே தொங்குகிற அந்த ஒரு கொக்கி நல்லதா என்பதே அவர் அறியவேண்டிய செய்தி. அதை உடைத்துப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா?

சிப்பிக்குள் முத்து உண்டா?

இந்தச் சிக்கலைத் தூத்துக்குடிக் கடற்கரை நெடுங்காலமாகவே அறியும். பண்டைய கொற்கையின் நாள் தொட்டு இக்கடல் முத்துக்குப் பெயர் பெற்றது. கடலடியில் சிப்பிகள் கூட்டமாக வாழும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன் அரசு அதிகாரிகள் மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். ஆயிரம் சிப்பிகளுக்கு இன்ன மதிப்புள்ள முத்து கிடைக்கும் என்று கணக்கிட்டு, ஆதாயம் உண்டென்று தோன்றினால்தான் நாள் குறிப்பார்கள்.

பின்னர் கரையில் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்படும். வணிகர் விலை கொடுப்பது மூடிய சிப்பிக்கு! உள்ளே நல்முத்து இருந்தால் ஆதாயம், இல்லாவிட்டால் நட்டம். முத்து உண்டா என்று அறியச் சிப்பியைத் திறக்க வேண்டும், அல்லது அழுகவிட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். எப்படியாயினும் சிப்பிக்குச் சாவுதான். முத்தில்லாத சிப்பிகளே மிகப் பல. அவையும் வீணே மடிந்தன. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961.

திறக்காமலே பார்க்க வழி உண்டா? 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஆறே ஆண்டுகளில், 1901-இல், பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா இக்கதிர்களைக் கொண்டு சிப்பிக்குள் முத்து உள்ளதா என்று பார்க்கலாம் என எடுத்துக்காட்டினார். முத்தில்லாத சிப்பியை உயிருடன் கடலுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் அல்லவா?

எக்ஸ் கதிர் சதையை எளிதில் கடந்து செல்லும். சுண்ணாம்புப் பொருளைக் கடக்கும்போது வலிமை குன்றும். கனம் கூடக்கூட மேலும் குன்றும். சிப்பியின் இரு ஓடுகளும் கால்சியம் கார்பனேட். முத்தும் பெரும்பாலும் அதுவே. ஆகவே முத்து உள்ள இடத்தில் மட்டும் கதிர் சற்று அதிகமான சுண்ணாம்பைக் கடக்க நேர்கிறது. படத்தில் அங்கே வட்டமாக ஒரு நிழல் விழுகிறது. ஆனால் கனத்த ஓட்டுக்கு நடுவே கடுகளவு முத்து இருந்தால் நிழலின் வேறுபாடு மிகக் குறைவு, அது தப்பிவிடக்கூடும்.

முத்தின் பிறப்பை அறிதல்

முத்து கைக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி உண்டு. அது தானே விளைந்ததா, வளர்க்கப்பட்டதா? ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணியைச் சிப்பிக்குள் வைத்து வளர்ப்பது ஜப்பானியர் வளர்த்த கலை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர் கே. அழகர்சாமி 1973-இல் இம்முறையில் உருண்டையான முத்தை இந்தியாவில் முதன்முதலாக உருவாக்கினார். வெளியே இரண்டு வகை முத்துகளுக்கும் ஒரே பளபளப்பு. விலையிலோ பெரும் வேறுபாடு. வெட்டிப் பார்த்தால் உண்மை தெரியும், முத்து போய்விடும்!

இங்கும் எக்ஸ் கதிரே துணை. இயற்கை முத்து வெங்காயம்போல அடுக்கடுக்காக ஆனது. அதன் நுண் படிகங்கள் மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஆரங்கள்போல நீட்டி நிற்கின்றன. எனவே எந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய எக்ஸ் கதிர்க்கற்றையை மையத்தின் வழியே செலுத்தினாலும், படத்தில் ஆறு புள்ளிகள் கொண்ட கோலம் தோன்றுகிறது. வளர்ப்பு முத்தின் நடுவில் உள்ள மணியிலோ அடுக்குகள் புத்தகத்தின் தாள்கள்போல இணையாக உள்ளன. ஆகவே பெரும்பாலான திசைகளில் நான்கு புள்ளிக் கோலமே கிடைக்கிறது. ஒரே திசையில் பார்த்து முடிவு செய்யாமல் முத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கப்பலின் உடலில் எதிரொலி

இனிக் கரையிலிருந்து துறைமுகத்துக்குச் செல்வோம். தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கு வந்து நிற்கும் கப்பல்களின் உடல், எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. பற்றவைப்பில் ஒரு சிறு குறை இருந்தால் என்ன ஆகும்?

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் துறையில் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. திடீரென்று பேரொலியுடன் அதன் உடல் நடுவில் பிளந்தது! எஃகின் நொறுங்கும் தன்மையும் பற்றவைப்பில் இருந்த குறையும் சேர்ந்து செய்த வேலை இது. சிறிய விரிசலின் முனையில் விசை முழுவதும் குவிகிறது. அங்கிருந்து பிளவு ஓடத் தொடங்குகிறது.

கப்பல் தகட்டைச் சோதிக்கக் கேளா ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். நம் காது ஏறக்குறைய 20,000 அதிர்வெண் வரைதான் கேட்கும். சோதனைக்குப் பயன்படும் ஒலி நொடிக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி முறை அதிர்வது. பானையைத் தட்டிய விரலுக்குப் பதில் இங்கே ஒரு சிறு படிகம். காதுக்குப் பதிலாகவும் அதே படிகம். அது ஒரு துடிப்பை அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எஃகில் இவ்வொலியின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். தகட்டின் கனம் 20 மில்லிமீட்டர் என்றால், ஒலி போய்த் திரும்பும் தொலைவு 40 மில்லிமீட்டர். அதற்கு ஆகும் நேரம் நொடியின் பத்து இலட்சத்தில் 6.8 பங்கு. எதிரொலி 5.1 பங்கிலேயே திரும்பிவிட்டால்? தகடு 15 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். உப்புக் காற்றும் கடல்நீரும் தின்ற இரும்பின் அளவை, தகட்டில் துளை போடாமல் வெளியே நின்றபடியே சொல்லிவிடலாம்! அனல் மின் நிலையக் கொதிகலன் குழாய்களையும் இப்படியே அளக்கிறார்கள். தகட்டின் பின்புற எதிரொலிக்கு முன்னதாக இன்னொரு சிறு எதிரொலி வந்தால், நடுவில் விரிசல் இருக்கிறதோ என்று ஐயுற வேண்டும்.

படிகத்துக்கும் தகட்டுக்கும் இடையே எண்ணெய் அல்லது பசை தடவுவார்கள். ஏன் தெரியுமா? இடையில் மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும் இவ்வொலி எஃகுக்குள் புகாது. ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். இது தொல்லைதான். ஆனால் விரிசலுக்குள் இருப்பதும் காற்றுத்தானே! அதனால்தான் விரிசல் ஒலியைத் திருப்பி அனுப்பி, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

காந்தமும் சாயமும்

கிரேன் கொக்கியின் மேற்பரப்பில் உள்ள நுண்கீறலுக்கு வேறு வழி உண்டு. கொக்கியைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் தூளைத் தூவுவார்கள். கீறல் உள்ள இடத்தில் காந்த விசைக் கோடுகள் வெளியே கசிகின்றன. தூள் அங்கே கோடாகச் சேர்ந்துவிடும்.

காந்தமாகாத அலுமினியம், பித்தளைக்கு என்ன செய்வது? நன்கு ஊடுருவும் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்துவிடுவார்கள். நுண்புழை ஏற்றத்தால் கீறலுக்குள் புகுந்த சாயம் மட்டும் தங்கியிருக்கும். மேலே வெள்ளைப் பொடி தூவினால் அது சாயத்தை உறிஞ்சிக் கீறலைச் சிவப்புக் கோடாகக் காட்டும். முற்காலத்தில் இரயில் பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப் பொடியும் கொண்டே இதைச் செய்தார்கள்.

எந்த முறை சிறந்தது?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. பற்றவைப்பில் சிக்கிய காற்றுக் குமிழியை எக்ஸ் கதிர் நன்றாகக் காட்டும். ஆனால் கதிருக்குக் குறுக்கே தாள்போலப் படுத்திருக்கும் மெல்லிய விரிசலைக் கடக்கும்போது கதிரின் வலிமை ஏறக்குறைய மாறாது. விரிசல் படத்தில் தெரியாது. அதே விரிசல் ஒலிக்குக் குறுக்கே கிடந்தால் பலமான எதிரொலி எழும். விரிசல் ஒலி செல்லும் திசையிலேயே நின்றால் நிலைமை தலைகீழ்: ஒலி விலகிச் சென்றுவிடும், அத்திசையில் வரும் எக்ஸ் கதிரோ அதைக் காட்டிவிடும்.

ஆகவே 'குறை தென்படவில்லை' என்பதற்கு, 'இம்முறை காணக்கூடிய குறை தென்படவில்லை' என்பதே சரியான பொருள். எந்த முறையால், எந்தத் திசையில், எவ்வளவு சிறிய குறை வரை தேடினோம் என்பதையும் சேர்த்து எழுதும் சோதனையாளரே நேர்மையானவர். கொக்கியின் கீழ் நிற்பவரின் உயிர் அந்த நேர்மையை நம்பியிருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு சட்டக் காந்தங்களை, ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையைத் தொடும்படி மேசைமேல் நேராக வையுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பரப்பி, இரும்புத் தூளைத் தூவி மெல்லத் தட்டுங்கள். இரு கோடிகளில் தூள் நிறையச் சேரும். இணைப்பு இடத்தைக் கவனியுங்கள். பிறகு தூளை அகற்றி, காந்தங்களுக்கு நடுவே ஓர் அஞ்சலட்டையைச் செருகி மீண்டும் தூவுங்கள். இரண்டு படங்களையும் வரைந்து ஒப்பிடுங்கள். தாளுக்கு அடியில் மறைந்திருக்கும் 'விரிசல்' எங்கே இருக்கிறது என்று, தாளைத் தூக்காமலே உங்கள் நண்பர் விரலை வைத்துக் காட்டுவார்!