பெயரைச் சொன்னால் நண்பன் கிடைப்பானா?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி 18 வயதோடு நின்றுவிடும். அந்த வயதை நெருங்கும் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் நாரணாபுரம் பக்கமிருந்து கேட்பது இதைத்தான்: நாலு பேரோடு பழக எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஆட்டிசத்துக்கான அரசுச் சான்றிதழுக்குப் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோலின் 40 கூறுகளில் முதலாவதே கண்ணைப் பார்க்காமைதான். பெரியவர்களை முறைத்துப் பார்க்காதே என்று வளர்க்கும் ஊரில் இது வேடிக்கையான தொடக்கம்.

பெரியவர்கள் சொல்லித்தருவது ஒன்று, பிள்ளைகளிடம் எடுபடுவது வேறொன்று. லாஸ் ஏஞ்சலிஸில் எலிசபெத் லாகசனும் ஃபிரெட் ஃபிராங்கலும் உருவாக்கிய ‘பீர்ஸ்’ பயிற்சியின் கெட்டிக்காரத்தனம் இதைப் பிடித்துக்கொண்டதில்தான். கூட்டத்தில் சேர, ‘போய் உன் பெயரைச் சொல்லு’ என்போம். மைதானத்தில் அப்படிப் போய் நிற்பவனை ஒருமாதிரிதான் பார்ப்பார்கள். பழகத் தெரிந்த பையன் சற்றுத் தள்ளி நின்று காது கொடுப்பான். விஷயம் பிடிபட்டதும் நெருங்குவான். பேச்சு ஓயும் நொடியில் அதே விஷயத்தில் ஒரு வார்த்தை போடுவான். அவர்கள் முகம் திருப்பினால் வம்பில்லாமல் நகர்ந்துவிடுவான். பீர்ஸ் இதைப் படிப்படியாகப் பிரித்து, நடித்துக் காட்டி, வீட்டுப்பாடமாகத் தருகிறது. பெற்றோருக்கும் தனி வகுப்பு உண்டு. கேலிக்கும் ‘வாத்தியாரிடம் சொல்’ என்பதில்லை; சலிப்போடு ‘அதுக்கென்ன இப்போ?’ என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பிள்ளைகளிடம் எடுபடுவது ஊருக்கு ஊர் மாறும்; ஆகவே அமெரிக்கப் பாடத்தை மொழிபெயர்த்தால் போதாது. யார் யாரை ‘மாப்ள’ எனலாம், ‘நானும் ஆட வரேன்’ எப்போது எடுபடும் என்பதை நாரணாபுரத்துப் பிள்ளைகளைக் கவனித்தே எழுத வேண்டும்.

2009-ல் 33 பதின்வயதினரிடம் நடந்த பீர்ஸ் ஆய்வில் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பது கூடியது. ஆனால் இத்தகைய குழுப் பயிற்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2017 தொகுப்பாய்வு சங்கடமானது: பழகும் விதத்தைத் தெரிந்துகொண்டோம் என்றார்கள் பிள்ளைகள், செய்கிறோம் என்று சொல்லவில்லை, ஆசிரியர்கள் கண்ணில் மாற்றம் படவில்லை. மூன்றே மாதத்தில் தேற்றிவிடுவோம் என்பவர்களை நம்புமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைப் போல நடிக்கவைக்கும் பயிற்சிதானே இது என்ற ஆட்சேபத்திலும் நியாயம் உண்டு. புரியாமை இரு தரப்பிலும் இருக்கிறது என்று, தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துபவனைப் பார்த்துச் சிரிக்காமலிருப்பதும் சமூகத் திறன்தான். அந்தப் பாடம் வகுப்பின் மற்றப் பிள்ளைகளுக்கு. அதற்காக, தோழமைக்கு ஏங்கும் பிள்ளைக்கு வழி சொல்லாமல் விடவும் முடியாது. பீர்ஸ் சேர்ப்பதும் தாமே விரும்பி வருபவர்களைத்தான்.

மருந்து உண்டா? பழகக் கற்றுத்தரும் மருந்து கிடையாது.

18-க்குப் பிறகு காப்பாளர்? தேவைப்பட்டால் மட்டும், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு.

இங்கே யாரைக் கேட்பது? வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை; கூடவே, வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஒரு பையனையும் கேளுங்கள்.