இடக்கைத் தழும்பு

நுழையும்முன்

உடலின் புறத்தே தெரியும் சிறு தழும்பு, உடலின் அகத்தே நிகழ்ந்த ஒரு கற்றலின் சான்றாகும். அக்கற்றல் தோலில் எவ்வாறு தொடங்குகிறது என்பதையும், தமிழ்நாட்டு மண்ணில் நடைபெற்ற ஆய்வொன்று அதுகுறித்து எழுப்பிய வினாவையும் இப்பாடம் விளக்குகிறது.

கொப்புளமும் அச்சமும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் வாழும் மாணவர் ஒருவர் தம் இடத்தோளுக்குச் சற்றுக் கீழே நோக்கினால், சிறு வட்டத் தழும்பு ஒன்று பெரும்பாலும் தென்படும். காசநோயைத் தடுப்பதற்காகப் பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. இவ்வூசி தசைக்குள் ஆழமாகச் செல்வதில்லை. தோலுக்குள்ளேயே மேலோட்டமாகச் செலுத்தப்படுகிறது. பச்சிளங் குழந்தைக்கு அதன் அளவு 0.05 மில்லி லிட்டர், அதாவது ஒரு துளி.

சில வாரங்களில் அவ்விடத்தில் சிறு கொப்புளம் எழும். உடைந்து சீழ் கசியும். பின்னர்த் தானே ஆறித் தழும்பாகும். இதைக் கண்டு அஞ்சி மஞ்சளையோ களிம்பையோ பூச முற்படும் தாய்மார் உண்டு. பொதுவாக அதற்குத் தேவை எழுவதில்லை. வலுவிழந்த பகைவனைக் கொண்டு, வலிய பகைவனை அடையாளம் காண உடல் பயிலும் களம் அது.

தோல் என்னும் காவற்கூடம்

தோலைப் போர்வை என்றே பலரும் கருதுவர். உண்மையில் அது காவலர் நிறைந்த கூடமாகும். குருதிக் குழாய்களின் அருகே மாஸ்ட் செல்கள் காத்திருக்கின்றன. அயற்பொருள்களை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்கள் அடித்தோலில் உள்ளன. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் தம் நீண்ட கிளைகளை அண்டைச் செல்களின் இடையே பரப்பி, நுழைவது எதுவென்று ஓயாமல் துழாவுகின்றன.

1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவம் பயின்ற மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ், தங்கக் குளோரைடைக் கொண்டு தோலுக்கு நிறமூட்டி இச்செல்களைக் கண்டார். கிளைகள் இருந்தமையால் அவற்றை நரம்புச் செல்கள் என எண்ணினார். அவை நோயெதிர்ப்புப் பணிக்குரியவை எனத் தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இவற்றையொத்த கிளைச்செல்களை 1973இல் கண்டறிந்து விளக்கிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள்களுக்கு முன்னர் அவர் மறைந்திருந்தார்.

இருவகைப் பயணம்

காலில் முள் தைத்ததாகக் கொள்வோம். முள்ளோடு நுண்ணுயிரிகளும் உட்புகுகின்றன. சில நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. குருதிக் குழாய்கள் விரிகின்றன. அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது. குருதியில் விரைந்தோடும் நியூட்ரோஃபில் செல்கள், குழாயின் உட்சுவரில் உருண்டு வேகம் தணிந்து நிற்கின்றன. பின்னர்ச் சுவரின் இடுக்கு வழியே உடலைக் குறுக்கி நுழைந்து, வேதிப்பொருள்களின் தடத்தைப் பற்றிக் காயத்தை அடைகின்றன. நுண்ணுயிரிகளை விழுங்கித் தாமும் மடிகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் அவ்வாறு மடிந்த செல்களின் திரளே.

இது காயத்தை நோக்கிய பயணம். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்கிறது. பகைவனின் கூறுகளைக் கைப்பற்றிய கிளைச்செல்கள் தம் பிடியை விட்டு நகர்ந்து, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர் முடிச்சைச் சேர்கின்றன. கையில் போட்ட ஊசிக்கு அது அக்குளில் உள்ளது. அங்குள்ள எண்ணற்ற டி செல்களுள் அக்கூற்றோடு பொருந்துபவை சிலவே. அவை தூண்டப்பட்டுப் பல்கிப் பெருகுகின்றன. இதற்குச் சில நாள்கள் ஆகும். பெருகியவற்றுள் பல காயத்துக்குத் திரும்புகின்றன. சில நினைவுச் செல்களாக நெடுங்காலம் தங்குகின்றன. மீண்டும் அதே பகைவன் வரின், எதிர்ப்பு விரைவாக எழும்.

செங்கற்பட்டு எழுப்பிய வினா

பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் ஆகியோர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து இத்தடுப்பூசியை உருவாக்கினர். இந்தியாவில் இதைத் தயாரிப்பதற்கான ஆய்வகம் 1948இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது.

இத்தடுப்பூசி எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை அறிய, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியை உள்ளடக்கி, 1968இல் பேராய்வு ஒன்று தொடங்கியது. ஆவடியும் அக்காலத்தில் அம்மாவட்டத்திலேயே இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய அவ்வாய்வில் ஏறத்தாழ 2,60,000 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்குத் தடுப்பூசியும் மற்றவருக்கு மருந்தற்ற நீர்மமும் செலுத்தப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர்.

முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயிலிருந்து அத்தடுப்பூசி காக்கவில்லை. பிற நாடுகள் சிலவற்றில் நற்பயன் தந்த ஊசி இங்கு ஏன் பயன்தரவில்லை? ஆய்வாளர் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று சிந்தனைக்குரியது. காசநோய்க் கிருமியின் உறவினங்கள் பல, நோய் உண்டாக்காமலே மண்ணிலும் நீரிலும் வாழ்கின்றன. வெப்பமண்டல மக்களின் உடல் அவற்றோடு பழகி, முன்பே ஓரளவு பாடம் கற்றிருக்கக்கூடும். அந்நிலையில் தடுப்பூசி புதிதாகக் கற்பிப்பதற்கு மிகுதியில்லை.

எனினும், குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் போன்ற கொடிய வகைகளை இத்தடுப்பூசி தடுக்கிறது எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவேதான், அது பிறந்தவுடனேயே போடப்படுகிறது.

தழும்பு தரும் பாடம்

இடக்கைத் தழும்பு மழலைப் பருவத்தைக் காத்த கவசத்தின் சுவடு. வாழ்நாள் முழுமைக்குமான உறுதிமொழியாக அதைக் கொள்ளலாகாது. தழும்பு இருக்கிறது என்று எண்ணி, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலைப் புறக்கணித்தல் தவறு. அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உடலின் காவலர் அயராது பணிபுரிகின்றனர்; அவர்களுக்குத் துணைநிற்பது மனிதரின் அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைக் கண்டு, பி.சி.ஜி. ஊசி போட்ட குழந்தையின் தாய்க்கு அவர் கூறும் அறிவுரைகளைத் தொகுத்து எழுதுக.
2. ‘எதிர்பாராத முடிவும் அறிவியலுக்கு ஆக்கமே’ – செங்கற்பட்டு ஆய்வை முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.