காலண்டர் லட்சுமி ஏன் எப்பவும் ‘செவப்பு’? ஃபேஷன் கேமரா மாற்றிப் பார்த்த சாமி படங்கள்

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஒரு மளிகைக் கடைக்குள் போனால், கல்லாவுக்கு மேலே பெரும்பாலும் ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரை, பட்டுப் புடவை, கையிலிருந்து கொட்டும் தங்கக் காசு. முகம் மட்டும் ரோஸ் கலந்த வெள்ளை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், சாமான் வாங்க வந்தவர், வெளியே மூட்டை இறக்குபவர் என அந்த இடத்தில் இருக்கும் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதும் இல்லை.

2017 டிசம்பரில் சென்னையில் இரண்டு பேர் கண்டுகொண்டார்கள். ஒருவர் போட்டோகிராபர் நரேஷ் நில். இன்னொருவர் விளம்பரப் பட இயக்குநர் பரத்வாஜ் சுந்தர். ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற பெயரில் அவர்கள் எடுத்த போட்டோ சீரிஸில் லட்சுமி, சரஸ்வதி, துர்கை, லவ குசனுடன் சீதை, சிவன், முருகன், குழந்தை கிருஷ்ணன் எல்லோரும் கறுப்பாக இருந்தார்கள். லட்சுமியாக நின்றவர் மாடல் சுருதி பெரியசாமி. பின்னாளில் பிக் பாஸ் தமிழ் 5-வது சீசனில் பார்த்தோமே, அவரேதான். படங்கள் சோஷியல் மீடியாவில் பரவி, 2018 ஜனவரியில் பிபிசி வரைக்கும் செய்தியானது.

ஃபேஷன் போட்டோகிராபி என்றால் அழகான ஆளை நிறுத்தி அழகாக எடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் யாரை நிறுத்துவது, அந்தத் தோல் மேல் எப்படி லைட் விழ வேண்டும் என்ற இரண்டு முடிவிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சாமி படத்தில் அதைப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஏனென்றால் அந்தப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

இந்த லட்சுமி எங்கிருந்து வந்தார்?

கேரளாவின் கிளிமானூரில் 1848-ல் பிறந்த ராஜா ரவி வர்மாவிடமிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய பாணி ஆயில் பெயின்டிங்கில் நம் புராண நாயகிகளை வரைந்தவர். 1894-ல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் தொடங்கி, ஓவியங்களைக் குறைந்த விலைப் பிரதிகளாகப் போட ஆரம்பித்தார். அதுவரை பலருக்கும் கோயிலுக்குப் போனால்தான் தரிசனம். அந்தப் பிரதிகள் சாமியை வீட்டுச் சுவருக்கே கொண்டுவந்தன. லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இன்று நாம் பார்க்கும் புடவைக் கட்டு, நிற்கும் தோரணை, முகபாவம் ஆகியவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

ஒரு வகையில் ரவி வர்மா அந்தக் காலத்து ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் என்றே சொல்லலாம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அவருடைய ‘இசைக் கலைஞர்கள்’ ஓவியத்தில் 11 பெண்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியின் உடையிலும் நகையிலும் இருப்பார்கள். இன்றைய மேகஸின்களில் வரும் குரூப் ஷூட் மாதிரியே இருக்கும். மனிதர்களை வரையும்போது அவர் தூரிகையில் மாநிறமும் வந்தது. அச்சாகி வந்த தேவிகள் மட்டும் வெளுத்தே இருந்தார்கள்.

அடுத்த அத்தியாயம் சிவகிரிக்குப் பக்கத்திலேயே நடந்தது. இங்கிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டி. சென்னையில் ஓவியம் படித்த சி. கொண்டையராஜு (1898 - 1976), நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தபடி ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் பல தலைமுறைத் தமிழ் வீடுகளின் பூஜை அறையில் இருந்தவை. இன்னொரு பக்கம் ராஜபாளையம் வழியாகப் போனால் சிவகாசி. அந்தப் படங்களை லட்சக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பிய ஊர். சாமிக்கு என்ன நிறம் என்பதை அச்சில் உறுதி செய்ததில் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரு விநோதம். அதே ஊர்களின் கோயில் கருவறைகளில் இருக்கும் மூலவர் பெரும்பாலும் கருங்கல். எண்ணெய்க் காப்பு சாத்தி, தீபம் காட்டும்போது அந்தக் கறுப்பு மின்னும். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பு என்றுதான் அர்த்தம். சங்க இலக்கியத்தில் பெண்ணின் அழகான மேனி நிறத்துக்கு ‘மாமை’ என்று பெயர். மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்து போனால் அந்த நிறம் போய் மேனி வெளிறும். அதற்குப் பெயர் ‘பசலை’. அதாவது, வெளுப்பது அங்கே நோயின் அறிகுறி! எங்கே இருந்து எங்கே வந்திருக்கிறோம் பாருங்கள்.

ஒரே காலண்டர், இரண்டு விதமான பதில்

‘டார்க் இஸ் டிவைன்’ வந்து இரண்டு வருடம் கழித்து, 2020-ன் தொடக்கத்தில் சென்னையிலிருந்தே இன்னொரு ஷூட் வைரலானது. நடிகை சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அறக்கட்டளைக்காக ஜி. வெங்கட் ராம் எடுத்த ரவி வர்மா காலண்டர். விளம்பரம், ஃபேஷன், சினிமா போஸ்டர் என மூன்று ஏரியாவிலும் பல வருடமாக வேலை செய்பவர் வெங்கட் ராம். சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன், ஷோபனா, ஐஸ்வர்யா ராஜேஷ், குஷ்பு, நதியா போன்றவர்களை ரவி வர்மாவின் ஓவியப் பெண்களாகவே நிறுத்தி எடுத்தார்.

பார்க்க ஈஸியாகத் தெரியும். உண்மையில் ரொம்பவே கஷ்டமான வேலை. ஓவியருக்கு லைட் அவர் சொன்னபடி கேட்கும். கழுத்தில் நிழல் வேண்டாம் என்றால் வரையாமல் விட்டுவிடலாம். புடவை மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று அவரே முடிவு செய்யலாம். போட்டோகிராபருக்கு அந்த வசதி இல்லை. ஓவியத்தில் விழும் மென்மையான வெளிச்சத்தை ஸ்டுடியோவில் அப்படியே கொண்டு வர வேண்டும். துணி கனம் ஒத்துப் போக வேண்டும். விரல் வளைவு வரை அசல் மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன்ஸி டிரஸ் போட்டி ஆகிவிடும். வெங்கட் ராமின் படங்களை முதல் பார்வையில் பெயின்டிங் என்று நினைத்தவர்கள் நிறைய பேர். அதுதான் அந்த வேலையின் வெற்றி.

இரண்டு ஷூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அணுகுமுறை வித்தியாசம் புரியும். வெங்கட் ராம் எதையும் மாற்றாமல் இருக்கப் பாடுபட்டார். நரேஷும் பரத்வாஜும் நகை, பட்டு, கிரீடம் என்ற காலண்டர் இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் ‘மாடர்ன் ஆர்ட்’ என்று கடந்து போயிருப்போம். தோல் நிறம் மட்டும் மாறியதால்தான் கண் அங்கேயே நின்றது. தொழில் நேர்த்தியில் முதலாவது ஒரு படி மேலே எனலாம். கேள்வியில் இரண்டாவதுதான் கனம்.

கறுப்புத் தோலுக்குத் தனி லைட்டிங்கா?

ஆமாம். இங்கேதான் போட்டோகிராபரின் மூளை வேலை செய்கிறது.

கேமராவில் இருக்கும் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்கக் கறுப்பான முகம் இருந்தால், ‘வெளிச்சம் பத்தல’ என்று நினைத்து ஏற்றிவிடும். தோல் வெளிறிப் போகும். அதே ஆள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் பின்னணியில் நின்றால் ‘வெளிச்சம் ஜாஸ்தி’ என்று குறைத்துவிடும். வேட்டி நன்றாக இருக்கும், முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். கல்யாண ஆல்பங்களில் இரண்டையுமே பார்த்திருப்பீர்கள். அதனால் முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை வைத்துவிட்டு, எக்ஸ்போஷரைக் கையால் செட் பண்ணுவதுதான் முதல் பாடம்.

அடுத்தது லைட். வெளுத்த தோலில் முகத்தின் வடிவம் நிழலால் தெரியும். கறுத்த தோலில் அதைக் காட்டித் தருவது பெரும்பாலும் பளபளப்பு. கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தோள்பட்டை என வெளிச்சம் பட்டுத் திரும்பும் இடங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், அவ்வளவுதான். பெரிய சாஃப்ட் பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் அதே மினுமினுப்பு பரவலாக விழுந்து முகத்தைச் செதுக்கிக் காட்டும். தீபாராதனை வெளிச்சத்தில் கருங்கல் சிலை உயிரோடு தெரிவதற்கும் இதேதான் காரணம். முகத்தில் பவுடரை அப்பினால் இந்த மினுமினுப்பு செத்துப்போய், சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். ஸ்டுடியோ கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்போடு பவுடர் டப்பாவும் வைக்கும் பழக்கம் எத்தனை முகங்களைக் கெடுத்ததோ!

கேமரா தொழில்நுட்பமே இதில் நேர்மையாக இருந்தது கிடையாது. கோடாக் காலத்தில் லேப்களில் கலர் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்ற அட்டை பயன்பட்டது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் போட்டோ. அவர் தோல் சரியாக வந்தால் பிரின்ட் ஓகே. பிறகு ஃபிலிம் கருமையான நிறங்களையும் சரியாகப் பதிவு செய்யும்படி மேம்பட்டதற்கு, ‘எங்க சாக்லேட்டும் மர ஃபர்னிச்சரும் விளம்பரத்தில் சரியா வரல’ என்று கம்பெனிகள் கொடுத்த புகாரும் ஒரு காரணமாம். மனிதர்களுக்கு முன்னால் மேஜை நாற்காலிக்கு நியாயம் கிடைத்தது. 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்று ஒரு வசதியைக் கொண்டு வந்து, எல்லா நிறத் தோலும் உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்று பெருமையாக விளம்பரம் செய்தது. அதுவரை எப்படி வந்தது என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க ‘வோக்’ இதழ் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதன் அட்டைப் படத்தை ஒரு கறுப்பினப் போட்டோகிராபர் எடுக்க 2018 செப்டம்பர் வரை ஆனது. பியான்ஸேவை எடுத்த டைலர் மிட்செலுக்கு அப்போது வயது 23.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா?

இல்லை. ‘டார்க் இஸ் டிவைன்’ படங்களையும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நிறம் மாறியது சரி. இளமை, ஒல்லி, கூர்மையான மூக்கு என்ற மாடலிங் அளவுகோல் அப்படியேதானே இருந்தது? நம் ஊர் அம்மன்களில் எத்தனை பேர் அந்த அளவுக்குள் வருவார்கள்?

அதே சமயம், அந்த ஷூட் வெற்றிடத்தில் நடக்கவில்லை. சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-லேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ பிரசாரத்தை ஆரம்பித்தது. நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக வந்தார். கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, கல்யாணம் ஆகாது என்கிற ரீதியில் விளம்பரம் எடுக்கக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பே விதி கொண்டு வந்தது. 2020-ல் ஷாதி டாட் காம் தோல் நிற ஃபில்டரை நீக்கியது. அதே வருடம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம், பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. ட்யூபின் மேல் எழுத்து மாறியது. கடையில் அதே ஷெல்ஃபில்தான் இருக்கிறது.

சிவகிரி போன்ற ஊர்களில் இந்த விவகாரத்தின் சூடு தெரியும் இடம் வேறு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ. பெண்ணை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போகும் அம்மாவோ அத்தையோ ‘கொஞ்சம் கலரா இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க’ என்று சொல்லும் அந்த ஒரு வரி. ஸ்டுடியோக்காரர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. போட்டோஷாப்பில் கர்வை மேலே இழுக்க அவருக்குப் பத்து செகண்ட் ஆகும். இழுக்காவிட்டால் ‘படம் சரியில்ல’ என்று காசு குறைப்பார்கள். பிறகு பெண் பார்க்க வருபவர்கள் ‘போட்டோவுல கொஞ்சம் கலரா இருந்துச்சே’ என்று கேட்பதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது அந்தப் பெண்.

இதற்கு நரேஷ் நில்லின் ஸ்டுடியோ செட்டப் தேவையில்லை. ஜன்னல் பக்கத்தில் முகத்தைக் கொஞ்சம் திருப்பி நிற்கச் சொல்லி, எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும். போனில் எடுப்பவர்கள் பியூட்டி மோடை ஆஃப் செய்துவிட்டு, முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் வரும் சூரியன் ஐகானைத் தோல் நேரில் இருக்கும் அளவுக்கு நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்டுடியோவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், உட்காரும் முன்பே ‘அண்ணே, கலர் ஏத்தாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிக் கொடுத்த படமாக இருந்தால், ஒரிஜினல் ஃபைல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அழிக்காமல் வைத்திருக்க வாய்ப்பு உண்டு.