பனிமலைக்குச் செல்வோர் வானிலை அறிக்கையைப் படிக்கும் முறை

எம் கல்லூரியிற் கற்றவருட் பலர் இன்று சுவிற்சலாந்திலே குடிகொண்டு வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் பயிலும் பள்ளிகள் பல, மாரிக்காலத்தில் ஒரு வாரம் மாணவரை அல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் சென்று பனிச்சறுக்குப் பழக்குகின்றன. பிள்ளைகள் பழகிவிட்டாற் பெற்றோரும் பின்தொடர வேண்டியதாகின்றது. கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்த நாம் வெண்பனியைப் படங்களிலன்றிக் கண்டதில்லை. ஆதலின், மலைக்குப் புறப்படுமுன் வானிலை அறிக்கையை எங்ஙனம் படித்தல் வேண்டுமென்பதை இங்கே கூறப் புகுந்தோம். கல்லூரியிற் புவியியல் பயிலும் மாணவருக்கும் பாடத்திற் கண்டவை சில இதனால் மெய்யாக விளங்கக்கூடும்.

நாம் முதன்முறை சென்ற கதையைச் சொன்னாற் பிழை எங்கே நேர்கின்றதென்பது புலனாகும். ‘நாளை 40 சதமமீற்றர் புதுப்பனி’ என்று கைத்தொலைபேசியிற் கண்டு, விடியுமுன் எழுந்து, பிள்ளைகளையும் வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு சென்றோம். மலையடிக் கிராமத்தை அடைந்தபோது மழை கொட்டிற்று. மேலே பனி பெய்தது மெய்யே. ஆயின் காற்றின் வேகத்தால் மேலே செல்லும் தூக்குக் கதிரைகளை நிறுத்திவிட்டனர். சூடான சொக்கிலேற்றுப் பானம் அருந்தித் திரும்பினோம். அறிக்கை பொய்யன்று, நாம்தாம் அதிற் பாதியைப் படியாது விட்டோம்.

முதலிற் கேட்க வேண்டியது, அந்த அளவு எந்த உயரத்துக்கு உரியது என்பதே. 1,000 மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையுமென வகுப்பிற் படித்தோம். கொழும்பில் வியர்த்தவர் நுவரெலியாவிற் கம்பளி தேடுவதும் இதனாலேயே. அல்ப்ஸ் பகுதி எதிர்வுகூறல்களிற் பூச்சியப் பாகை நிலவும் உயரம் குறிக்கப்படுகின்றது. விழும் பனி அவ்வுயரத்தைக் கடந்தவுடன் உருகிவிடுவதில்லை. உருகுவதற்குச் சிறிது தூரம் வேண்டும். எனவே பனி மழையாக மாறும் எல்லை பெரும்பாலும் அதற்கு 200 முதல் 400 மீற்றர் வரை கீழே அமையும். பூச்சியப் பாகை 1,900 மீற்றரில் உளதெனின், 1,200 மீற்றரிலுள்ள கிராமத்தில் மழையும் 2,200 மீற்றரிற் பனியும் பெய்யும். எமக்கு நேர்ந்தது இதுவே. மேலும், கணினியிற் கணிக்கப்படும் மலைகள் மெய்யான மலைகளிலும் பார்க்கத் தட்டையானவை. தொலைபேசி காட்டும் எண், கிராமத்துக்கும் உரியதாகாமல் உச்சிக்கும் உரியதாகாமல், இடையே உள்ளதொரு கற்பனை உயரத்துக்கு உரியதாயிருத்தல் கூடும்.

படிவுவீழ்ச்சியை மில்லிமீற்றரிற் கூறினால், 1 மில்லிமீற்றர் நீர் ஏறக்குறைய 1 சதமமீற்றர் பனியாகும். கடுங்குளிரில் அது இன்னும் பொங்கிப் பஞ்சுபோல் விழும். பூச்சியப் பாகையை அண்மித்தால் ஈரமாகிப் பாதியளவாகச் சுருங்கும். விடுதிகளும் சறுக்கு நிலையங்களும் விளம்பரப்படுத்தும் பனியாழமோ பெரும்பாலும் உச்சியின் ஆழம். தயிர் விற்பவள் தன் தயிரைப் புளிப்பென்று கூறாள்.

அடுத்தது காற்று. வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து மோதினால், அல்ப்ஸின் வடபுறத்திற் பனி குவியும். தென்புறத்துத் திச்சீனோ மாநிலம் வெயிலில் உலரும். தென்காற்று வீசினால் நிலைமை மாறி, வடபுறப் பள்ளத்தாக்குகளில் ஃபோன் என்னும் வெப்பக்காற்று இறங்கிப் பனியை உருக்கிவிடும். மட்டக்களப்பார் இதனை எளிதில் உணர்வர். மலைநாட்டைக் கடந்து வறண்டு இறங்கும் கச்சான் காற்றும் இவ்வினத்ததே. காற்றின் வேகத்தையும் கவனித்தல் வேண்டும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையாயிருக்க, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், உடலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை போலத் தோன்றும்.

எத்தனை நாளுக்கு முன் கூறியதை நம்பலாம்? மூன்று நாளுக்குள் எனின் பெரிதும் நம்பலாம். ஒரு வாரத்துக்கு அப்பால், குளிர் கூடுமா குறையுமா என்னும் போக்கு மாத்திரமே தெரியும்; பத்தாம் நாளின் பனியைச் சதமமீற்றரிற் காட்டும் எண்ணை நாம் பார்ப்பதேயில்லை. ஐரோப்பிய எதிர்வுகூறல் நிலையம், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே எதிர்வுகூறலை 51 தடவை கணிக்கின்றது. அவற்றின் விடைகள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தால் உறுதி மிகுதி. சிதறினாற் பொறுத்திருத்தல் நன்று.

இவையாவும் பணமும் விடுமுறையும் பற்றியவை. உயிரைப் பற்றிய அறிக்கை வேறொன்று உண்டு. அதுவே பனிச்சரிவு அறிக்கை. 1951 இல் ஒரே மாரியிற் சுவிற்சலாந்தில் ஏறக்குறைய நூறு பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். 1999 பெப்ரவரி 23 இல் ஒஸ்திரியாவின் கால்ற்றூர் கிராமத்தில் 31 பேர் இறந்தனர். டாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் மாரிக்காலத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு இவ்வறிக்கையை வெளியிட்டு, காலை எட்டு மணிக்குப் புதுப்பிக்கின்றது. ஆபத்து ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இவ்வளவை ஐரோப்பா முழுவதற்கும் 1993 இற் பொதுவாக்கப்பட்டது.

இங்கேதான் நம்மவர் பெரிதும் ஏமாறுவர். ஐந்தில் மூன்றென்றால், பரீட்சையில் நடுத்தரப் புள்ளி பெற்றதுபோல எண்ணுகின்றோம். படிகள் சமமாக உயர்வனவல்ல. ஒவ்வொரு படியிலும் ஆபத்துப் பன்மடங்காகும். பனிச்சரிவில் இறப்போரில் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாளிலேயே இறக்கின்றனர். ஐந்தாம் படியில் எவரும் வெளியே போகார். மூன்றாம் படியிற் போவார் பலர். இறப்போரிற் பெரும்பாலோர் மீது விழும் சரிவு, அவரோ அவருடைய கூட்டாளியோ மிதித்து அறுத்ததே. காற்று, ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்திற் பாளமாக அடுக்கிவைக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில், அடியிலுள்ள நொய்ந்த படை முறிந்தாற் பாளம் முழுவதும் பெயரும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துள் மீட்டாற் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கழிந்தாற் பிழைப்போர் சிலரே. புயல் ஓய்ந்து வானம் நீலமாக விரியும் முதல் நாளே கண்ணுக்கு இனியது. அந்நாளே மிக அஞ்சத்தக்கதும் ஆகும்.

குறியிட்டுத் திறந்துவைத்த சறுக்குப் பாதைகளைக் காவற் பணியாளர் நாள்தோறும் ஆராய்வர்; வேண்டுமாயின் வெடிவைத்துச் சரிவை முன்கூட்டியே இறக்குவர். கயிற்றெல்லைக்கு அப்பால் அக்காவல் இல்லை.

சென்ற மாரியில் மீண்டும் போனோம். முன்னாள் மாலை அறிக்கை மூன்றாம் படி என்றது. 2,000 மீற்றருக்கு மேல், வடக்கு நோக்கிய சரிவுகள். காலையிலும் அது மாறவில்லை. வானில் முகிலே இல்லை. எம் மூத்த மகன், கயிற்றுக்கு அப்பால் எவரும் தடம் பதியாத சரிவொன்றைக் காட்டி, “அப்பா, அதிலே ஒருக்கால் போய்ப் பார்ப்போமா?” என்றான். அறிக்கையை அவன் கையிற் கொடுத்தோம். அது எந்தத் திசையை நோக்கிய சரிவென்று நிமிர்ந்து பார்த்தான். பின் பலகையைத் திருப்பிக்கொண்டான்.