அம்மை என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்!

வாலாஜாபாத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரகடம் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத இளைஞருக்குத் திடீரென்று காய்ச்சல் அடிக்கிறது. இரண்டு நாளில் உடலெங்கும் செந்தடிப்புகள் எழுகின்றன, முகம் வீங்குகிறது. "அம்மை வார்த்திருக்கிறது" என்கிறார் பாட்டி. வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். இளநீரும் மோரும் கொடுக்கிறார்கள். மருத்துவரிடம் போகும் பேச்சே எழவில்லை.

அது அம்மையாகவே இருக்கலாம். ஆனால் வேறொன்றாகவும் இருக்கலாம். உட்கொண்ட ஒரு மருந்தோ, வேலைத்தலத்தில் சுவாசித்த ஒரு வேதிப்பொருளோ, உடலைக் காக்கும் படையை அந்த உடலின் மீதே ஏவிவிடுவதுண்டு. அப்படியானால், வீட்டில் கழியும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. இந்த விந்தையான நோயைப் புரிந்துகொள்ள, முதலில் வாலாஜாபாத்திலிருந்து ரயிலேறிச் செங்கல்பட்டுக்குப் போவோம்.

திருமணி காட்டிய வழி

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவ இல்லம் தோன்றியது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஒரு காலத்தில் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி ஏற்றுவதே முக்கிய சிகிச்சை. 1908இல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட 'டாப்சோன்' என்ற பொருளை, 1940களில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் இங்கே நோயாளிகளுக்கு ஊசிமூலம் கொடுத்துப் பார்த்தார். நைஜீரியாவில் வேறு மருத்துவர்கள் அதையே மாத்திரையாகக் கொடுத்தனர். கோடிக்கணக்கானோரின் வாழ்வை மாற்றிய மருந்து அது. இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் டாப்சோன் ஓர் அங்கமே.

ஆயினும் ஒரு புதிர் இருந்தது. நூற்றுக்கு ஓரிருவருக்கு மட்டும், மருந்து தொடங்கிய நான்கைந்து வாரங்களில், காய்ச்சல், செந்தடிப்பு, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுதல், கல்லீரல் அழற்சி ஆகியவை ஒருங்கே தோன்றின. சிலர் இறந்தும் போயினர். மற்றவர்கள் அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் ஒன்றும் நேரவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

தொழிற்சாலையிலும் அதே நோய்

இனி தொழிற்சாலைக்கு வருவோம். கடைந்தெடுத்த உலோகப் பாகத்தில் எண்ணெயும் கிரீசும் ஒட்டியிருக்கும். பூச்சு ஏற்றுமுன் அவற்றைப் போக்கவேண்டும். இந்த 'டிகிரீசிங்' வேலைக்கு உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டு வந்த கரைப்பான்களுள் ஒன்று ட்ரைகுளோரோஎத்திலீன். நிறமற்றது, சற்றே இனிய மணமுள்ளது, 87 டிகிரி செல்சியசில் கொதிக்கும். தொட்டியில் அதைச் சூடாக்கினால், எழும் ஆவி குளிர்ந்த உலோகத்தின் மீது திரவமாகப் படிந்து எண்ணெயைக் கரைத்துக்கொண்டு சொட்டும். தொட்டியருகே நிற்பவரின் மூச்சிலும் அந்த ஆவி கலக்கும்.

சீனாவின் குவாங்டாங் மாநிலத்திலும், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலும் இத்தகைய வேலையில் புதிதாகச் சேர்ந்த தொழிலாளர் சிலருக்கு, சில வாரங்களுக்குள் காய்ச்சலும் செந்தடிப்பும் கல்லீரல் கேடும் வந்தன. டாப்சோன் நோயாளிகளிடம் கண்ட அதே படம்! இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது.

ஒரே அடையாளம்

உட்கரு உள்ள நம் உயிரணு ஒவ்வொன்றும், தன்னுள் இருக்கும் புரதத் துணுக்குகளை ஒரு சிறு தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. 'டி' வெள்ளணுக்கள் காவலரைப்போல் சுற்றிவந்து தட்டுகளைப் பார்வையிடும். சொந்தச் சரக்கு என்றால் விட்டுவிடும்; அந்நியச் சரக்கு என்றால் தாக்கும். இந்தத் தட்டுகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெற்றோரிடமிருந்து வருவது அது. ஒரு குறிப்பிட்ட வடிவத் தட்டில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் போய் ஒட்டிக்கொண்டால், காவலர் ஏமாந்துபோய்ச் சொந்த உயிரணுக்களையே தாக்கத் தொடங்குவர்.

ட்ரைகுளோரோஎத்திலீனால் நோயுற்ற சீனத் தொழிலாளரை 2007இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் மூவரிடம் எச்.எல்.ஏ.-பி 13:01 என்ற வகை இருந்தது. நோயுறாதவர்களிடம் பத்தில் ஒருவரிடமே காணப்பட்டது. 2013இல் டாப்சோன் நோயாளிகளிடம் தேடினார்கள். கிடைத்ததும் அதே 13:01! பின்னர் சீனாவில் இரத்தப் பரிசோதனை செய்து, இந்த வகை இல்லாத ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மட்டும் டாப்சோன் கொடுத்தனர். ஒருவருக்கும் அந்த ஒவ்வாமை வரவில்லை. ஐரோப்பியரிடம் பெரும்பாலும் காணப்படாத இந்த வகை, இந்தியரில் பகுதிக்கேற்ப நூற்றுக்கு 1 முதல் 12 பேர் வரை காணப்படுகிறது.

எனவே, தொழிலாளரைச் சோதித்து ஒதுக்கிவிடலாமே என்று யாரேனும் கேட்கலாம். அது சரியன்று. இந்த வகை உள்ளவர்களிலும் பலர் நோயுறுவதில்லை. மேலும், புற்றுநோய் ஆபத்து எல்லோருக்கும் பொது. ஆளை மாற்றுவதைவிடக் கரைப்பானை மாற்றுவதே அறிவு. நீரில் கரையும் கழுவுபொருள்கள் இப்போது கிடைக்கின்றன.

தோல் உரியும்போது

இதனினும் கடுமையானது, தோல் தீப்பட்டதுபோல் கொப்புளித்து உரியும் நிலை. 1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இருவர் முதலில் விவரித்ததால் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. உடற்பரப்பில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் உரிந்தால், மூவரில் ஒருவர்வரை இறக்கக்கூடும். வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால், சல்பா மருந்துகள் ஆகியவற்றால் இது வருவதுண்டு. கார்பமசெபினுக்கும் ஓர் அடையாளம் (எச்.எல்.ஏ.-பி 15:02) 2004இல் தைவானில் கண்டறியப்பட்டது.

நீங்கள் செய்யவேண்டியவை

புதிய மருந்தோ புதிய வேலையோ தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் விழிப்பாயிருங்கள். வாயில் புண், கண் சிவந்து எரிதல், தோலில் வலி, கொப்புளம், முக வீக்கம், கண் மஞ்சளித்தல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சந்தேகப்படும் மருந்தின் அடுத்த வேளையை விழுங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால் வலிப்பு மீளும். ஆகவே உடனே போவதே வழி.

மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வேலைத்தலத்தில் எந்தக் கரைப்பானைக் கையாள்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பீப்பாயின் மேலுள்ள பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். இரண்டாம் முறை அது உயிரையே பறிக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு மருந்தைக் கண்டு அஞ்சவேண்டாம். தொழுநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து உண்ணும் மிகப் பெரும்பாலோருக்கு எத்தீங்கும் வருவதில்லை. வந்தால் மாற்று மருந்துகள் உண்டு.

வேப்பிலை வாசலில் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டிலுள்ளோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இந்த இரண்டு மாதத்தில் புதிதாக என்ன விழுங்கினாய், எதைச் சுவாசித்தாய்?" அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.