கிராமத்து வீட்டுக்கு இன்சூரன்ஸ் எந்த கம்பெனியில் எடுப்பது? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நாகை, திருவாரூர், கடலூர் மாவட்ட கடலோர கிராமங்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் மக்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்து விடுவார்கள். 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல். 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல். 2024 நவம்பர் 30-ந்தேதி ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் முதல் அடி வாங்கியது ஓட்டு வீடும், ஷீட் வீடும், கூரை வீடும்தான்.

ஆனால் இந்த ஊர்களில் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. வீட்டுக்கு இல்லை. பைக்குக்கு எடுக்காவிட்டால் போலீஸ் பிடிக்கும். வீட்டுக்கு எடுக்காவிட்டால் கேட்க ஆள் இல்லை. "புயல் வந்தா கவர்மெண்ட் கொடுக்கும்" என்று பலரும் இருந்து விடுகிறார்கள்.

அரசு கொடுப்பது நிவாரணம்தான். வீட்டைத் திரும்பக் கட்டித்தருகிற இழப்பீடு அல்ல. கஜா புயலில் முழுவதும் சேதமான குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலிலும் சேதமான குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய்தான். இன்றைய கொத்தனார் கூலியில் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்து லட்சம் மதிப்புள்ள கான்கிரீட் வீட்டுக்கு சாதாரணமாக வருடத்துக்கு சில நூறு ரூபாய்தான் பிரீமியம் வரும். பிரச்சினை பிரீமியத்தில் இல்லை. எந்த கம்பெனி, எதை கவனித்து எடுப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

20 ரூபாய் பிடித்தம் வீட்டுக்கு இல்லை

"பேங்க்ல வருஷா வருஷம் இன்சூரன்சுக்கு பிடிக்கிறாங்களே, அது வீட்டுக்கும் சேர்த்துதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 20 ரூபாய் பிடிப்பது விபத்து காப்பீடு. 436 ரூபாய் பிடிப்பது ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. எல்.ஐ.சி.யிலும் வீட்டு இன்சூரன்ஸ் இல்லை. அது ஆயுள் காப்பீட்டு நிறுவனம்.

வீட்டுக்கு பாலிசி கொடுப்பது பொதுக்காப்பீட்டு கம்பெனிகள். அதில் அரசுக்கு சொந்தமானவை நான்கு. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல். இதில் யுனைடெட் இந்தியாவுக்கு தலைமை அலுவலகமே சென்னையில்தான். தனியாரில் சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம் ஆகியவையும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. இவை தவிர இன்னும் பல தனியார் கம்பெனிகள் உள்ளன.

பாலிசி பெரும்பாலும் ஒன்றுதான்

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பு, 2021 ஏப்ரல் 1-ந்தேதி முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசியைக் கொண்டு வந்தது. கம்பெனி வேறாக இருந்தாலும் இந்த பாலிசியின் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

தீ, இடி மின்னல், சிலிண்டர் வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். மரம் முறிந்து வீட்டின் மேல் விழுந்தாலும் இழப்பீடு உண்டு. வீட்டைச் சுற்றி தென்னை நிற்கும் டெல்டா கிராமங்களுக்கு இது முக்கியமான அம்சம். ஆனால் விழுந்த தென்னைக்கு இதில் பணம் வராது. மரத்துக்கும் மாட்டுக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்.

வீடு என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை. அதே மனையில் உள்ள காம்பவுண்டு சுவர், தண்ணீர் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் தகடு ஆகியவையும் கணக்கில் வரும். கட்டிடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, டி.வி., பிரிட்ஜ், கட்டில், பீரோ போன்ற சாமான்களும் தானாகவே சேர்ந்து விடும். நகைக்கு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

விதிகள் ஒன்றாக இருக்கும்போது 'எந்த கம்பெனி பாலிசி நல்லது' என்று அலசுவதில் பெரிய பயன் இல்லை. 'எந்த கம்பெனி நம்ம ஊருக்கு வந்து பார்த்து பணம் கொடுக்கும்' என்பதுதான் உண்மையான கேள்வி.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ஆபீஸ் எங்கே இருக்கிறது? புயல் அடித்தால் கரண்டு இருக்காது, டவர் கிடைக்காது. கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் 'ஆப்' மட்டும் வைத்துள்ள கம்பெனியிடம் எப்படிப் புகார் சொல்வது? பஸ் ஏறிப்போனால் நேரில் பேசுகிற தூரத்தில், தாலுகா ஊரிலோ மாவட்ட தலைநகரிலோ கிளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. சர்வேயர் எங்கிருந்து வருவார்? இவர் நிலம் அளக்கும் சர்வேயர் இல்லை. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர். புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. அவருடைய அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பக்கத்து ஊரில் சர்வேயர் இருக்கும் கம்பெனிக்கும், எல்லா வேலைக்கும் சென்னையில் இருந்து ஆள் அனுப்பும் கம்பெனிக்கும் வித்தியாசம் உண்டு.

3. இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறது? வசூலான பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கிளைமாகக் கொடுத்தது என்ற கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆண்டறிக்கையில் வெளியாகிறது. இதில் ஒரு சூட்சுமம் உள்ளது. மொத்த கணக்கில் வண்டி, மருத்துவம் எல்லாம் கலந்திருக்கும். தீ விபத்து பிரிவுக்கான கணக்கைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு பாலிசி அதில்தான் வரும். அதைவிட எளிய வழியும் உண்டு. கடந்த புயலில் பணம் வாங்கியவர் அக்கம்பக்கத்தில் இருந்தால், எத்தனை நாளில் கிடைத்தது என்று அவரிடமே கேட்டு விடலாம்.

4. என் வீட்டை எந்த வகையில் எழுதுகிறீர்கள்? கிராமத்து வீட்டுக்கு இதுதான் உயிர் நாடி. கீற்று, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் போட்ட வீட்டை கம்பெனிகள் 'கச்சா' கட்டிடம் என்று தனி வகையில் வைக்கின்றன. இதற்கு பிரீமியம் கூடும். சில கம்பெனிகள் எடுக்கவே தயங்கும். முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் சமையல் கட்டு மட்டும் கீற்று என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "அதெல்லாம் எழுத வேணாம்ண்ணே, பாத்துக்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் உஷாராக வேண்டும். பின்னால் சர்வேயர் வந்து பார்க்கும்போது மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான், ஏஜெண்டு இல்லை.

5. கிளைமில் முதலில் கழிப்பது எவ்வளவு? சின்ன சேதத்துக்கு குறிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொண்டு மீதி கொடுக்கும் பாலிசிகளும் உண்டு. பிரீமியம் 100 ரூபாய் குறைகிறதே என்று எடுத்துவிட்டு, நான்கு ஓடு பறந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் என்ன பயன்?

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

மனை மதிப்பை சேர்க்கக்கூடாது. புயல் வீட்டைத்தான் தூக்கும், நிலத்தைத் தூக்காது. வீட்டின் உள் அளவு சதுர அடியை, இன்று கட்ட ஆகும் செலவால் பெருக்க வேண்டும். 600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2 ஆயிரம் ரூபாய் ஆகும் என்றால் 12 லட்சம் ரூபாய்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க பாதித் தொகைக்கு எடுப்பவர்கள் உண்டு. மற்ற பாலிசிகளில் இது பெரிய ஆபத்து. 12 லட்சம் மதிப்புள்ள வீட்டை 6 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 2 லட்சம் ரூபாய் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்த வெட்டு இல்லை. ஆனால் வீட்டு அளவை சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். வருடத்துக்கு 10 சதவீதம் காப்பீட்டுத் தொகை தானாக உயரும் வசதியும் இதில் இருக்கிறது. ஒரே தடவையில் 10 வருடம் வரைக்கும் எடுக்கலாம்.

2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை மாற்றி 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் கான்கிரீட் வீடு கட்டியவர்களும் கட்டிடத்துக்கு பாலிசி எடுக்கலாம். சொந்தப் பணம் போட்டுப் பெரிதாகக் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதற்கெல்லாம் கிடைக்காது

பழசாகி தானாக விழுந்த சுவர், கரையான் அரித்து இறங்கிய கைமரம் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. திருட்டு விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். புயல், தீ போன்ற சம்பவம் நடந்து 7 நாளுக்குள் அதன் காரணமாக நடக்கும் திருட்டுக்குத்தான் அடிப்படை பாலிசியில் இழப்பீடு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனி பாலிசி வேண்டும்.

திண்ணையில் பெட்டிக்கடை, பின்கட்டில் தறி என்று வீட்டிலேயே தொழில் நடக்கிறதா? அந்தப் பகுதி வீட்டு பாலிசியில் வராது. கடை, தொழிலுக்கு வேறு பாலிசி இருக்கிறது. திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைப்பவர்களும் அதை முன்கூட்டியே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

வீடு யார் பெயரில்?

கிராமங்களில் அப்பா பெயரில் வீடு இருக்கும், மகன் பணம் கட்டுவார். பாலிசி வீட்டின் உரிமையாளர் பெயரில் இருந்தால்தான் பின்னால் சிக்கல் வராது. பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்டு பில் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் தனியாக பாலிசி எடுக்கலாம்.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பேங்க் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அங்கே பிடிப்பது வீட்டுக்கா, கடன்காரர் உயிருக்கா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு.

சேதம் வந்தால் என்ன செய்வது?

முதல் வேலை கம்பெனிக்கு தகவல் சொல்வது. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது போட்டோ, வீடியோ. சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த ஓடு, ஷீட் எதையும் அள்ளிக் கொட்டிவிடக்கூடாது. அதற்காக மழையில் நனைய விடவும் வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடி, அதற்கான பில்லை வைத்துக்கொள்ளலாம். தீ விபத்து என்றால் தீயணைப்பு நிலைய அறிக்கையும், போலீசில் கொடுத்த புகார் நகலும் தேவைப்படும்.

பணம் தர மறுத்தால்?

முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச எண் 155255-லும் புகார் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழகம், புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கு இதுதான் இடம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை. வக்கீலும் தேவை இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

புயல் சின்னம் வந்தபிறகு ஓடினால்...

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன பிறகு ஓடினால் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு உண்டு. பிரீமியம் கட்டாமல் பாலிசி தொடங்காது என்பதால், "எழுதியாச்சு, பணம் அப்புறம் கட்டுங்க" என்ற பேச்சையும் நம்பக்கூடாது. பணத்தை ஏஜெண்டு கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் கம்பெனி கணக்குக்கே கட்டி, அன்றே ரசீது வாங்கிவிட வேண்டும். போனில் கூப்பிட்டு "ஐ.ஆர்.டி.ஏ.ல இருந்து பேசறோம், போனஸ் வந்திருக்கு" என்பவர்கள் மோசடிக்காரர்கள். அந்த அமைப்பு யாருக்கும் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை.

ஆடி, ஆவணியிலேயே பாலிசியை எடுத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அலைய வேண்டாம். பாலிசி பேப்பரை வீட்டு பீரோவில் மட்டும் வைத்தால் வெள்ளத்தில் அதுவும் சேர்ந்து போய்விடும். ஒரு போட்டோ எடுத்து செல்போனிலும், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் போனிலும் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.